ஊதினது ஊதினதுதான்

வார நாட்களில் நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மறைக்கச் சொல்லி, சுவரில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்வேன். சனி ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகளின் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போவேன். அங்கே போனால் கேலரியில் இருக்கிற அத்தனை பேரும் எனக்குக் கண் தெரியவில்லை என்பார்கள். அப்படி, "ரெஃப்ரி, கண்ணாடியை மாத்து!" என்று தொண்டை கிழியக் கத்திய ஒரு அப்பா அடுத்த வாரம் என் கடைக்கே வந்து நின்றார். நடு வரியைத் தாண்டி அவரால் வாசிக்க முடியவில்லை. ஆனால் தன் மகள் கையில் இன்னொருத்தி நகம் பட்டதைக் கடைசிப் படிக்கட்டிலிருந்து பார்த்தவர் அவர். நல்ல ஃபிரேமாக எடுத்துக் கொடுத்தேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், திட்டு வாங்குவது எனக்குப் பழகிப்போன விஷயம். இந்த வருஷத்து உயர்நிலைப் பள்ளி இறுதி ஆட்டத்துக்குப் பிறகு ஆளாளுக்குத் திட்டினார்கள். "புருஷனை ஊர் முன்னாடி தலைகுனிய வச்சவ" என்றார்கள். வைத்தேன். அதே நிலைமை இன்னொரு தடவை வந்தால் இன்னொரு தடவையும் வைப்பேன். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களும் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரும் நடுவர்தான், என்னைவிட மூத்த நடுவர். நாங்கள் அறிமுகமானதே ஒரு ஃபவுலில்தான். நான் கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது, தொடாத ஒருத்தியைத் தொட்டதாக எனக்கு ஒரு ஃபவுல் கொடுத்தார். அது தப்பு என்று நான் கல்யாணத்துக்கு முன்னாலும் சொன்னேன், பின்னாலும் சொன்னேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஊதினது ஊதினதுதான்" என்பார். அதுதான் அவருடைய வேதம். நடுவர் விசிலை ஊதிவிட்டால், கையை நிமிர்த்திக் காட்டிவிட வேண்டும். தயங்கினால் தொலைந்தோம். ஒரு தடவை மாற்றினால் அப்புறம் ஒவ்வொரு விசிலுக்கும் கோச்சுகள் கூட்டமாக வந்து பஞ்சாயத்துப் பண்ணுவார்கள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் ஊதினேன்.

எங்களை ஜோடியாகவே ஆட்டத்துக்குப் போடுவார்கள். ஆடுகளத்துக் கோட்டுக்குள் கால் வைத்தால் நான் அவருக்கு மனைவி இல்லை, பார்ட்னர். "பார்ட்னர், அந்தப் பக்கம் பாருங்க" என்று மரியாதையாகத்தான் பேசுவார். வீட்டில் கிடைக்காத 'ங்க' எல்லாம் கோட்டுக்குள் கிடைக்கும். அதற்காகவே சனிக்கிழமைக்குக் காத்திருப்பேன் என்று என் நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த இறுதி ஆட்டம் அவருக்குச் சாதாரண ஆட்டம் இல்லை. நாட்டளவிலான போட்டிகளுக்கு ஊதுகிற நடுவர்களை 'முதல் பேனல்' என்பார்கள். அதற்கு அவர் பெயரை இதற்கு முன்னால் பல தடவை அனுப்பி, பல தடவை திரும்பி வந்தது. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு. அவரைப் பார்த்து மதிப்பெண் போட ஒருவர் வந்திருந்தார். உள்ளரங்கத்தில்கூடத் தொப்பியைக் கழற்றாத மனுஷன். நாங்கள் அவரைத் தொப்பிக்காரர் என்றே சொல்லிக்கொண்டோம். எனக்கும் அந்தப் பேனல் ஆசை அவருக்கு இருந்த அளவு இருந்தது. காலையில் எழுந்து அவருடைய சட்டையின் காலரை மட்டும் மூன்று முறை தேய்த்தவள் நான்.

ஒரே ஒரு சிக்கல். அவருக்குத் தூசி ஆகாது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி இறங்கி வந்த வினை. மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது என்று அன்றைக்குப் போடவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்கள் முக்கியமான ஆட்டமாயிற்றே என்று, நாங்கள் போய் இறங்கிய நேரம் பார்த்து அரங்கத்தைப் பெருக்கி முடித்திருந்தார்கள். வெளிச்சத்தில் தூசி மிதப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"விசிலை வாயிலேயே வச்சுக்கிட்டு ஓடாதீங்க. கையில வச்சுக்கோங்க," என்றேன்.

"எல்லாம் எனக்குத் தெரியும் பார்ட்னர்," என்றார்.

நீல அணிக்கும் மஞ்சள் அணிக்கும் ஆட்டம். மஞ்சள் அணியின் கோச்சுக்கு நடுவர்கள் வைத்த பெயர் சைரன். ஆட்டம் தொடங்கினால் வாயை மூடமாட்டார், முடிந்தாலும் மூடமாட்டார். அவருடைய அணியில் எட்டாம் நம்பர் என்று ஒரு பெண். குள்ளம். ஆனால் பந்து வைத்திருப்பவளை நிழல்போல ஒட்டிக்கொண்டு ஓடுவாள். அப்படி ஒட்டுகிறவளுக்கு ஃபவுல்கள் சேரத்தானே செய்யும்? அதில் ஒன்றை நானே கொடுத்தேன். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது அவள் கணக்கில் நான்கு இருந்தது. ஐந்தாவது விழுந்தால் வெளியே போக வேண்டும், திரும்ப வர முடியாது. சைரன் அவளை உட்காரவைக்கவில்லை. வேறு ஆள் இல்லை அவரிடம்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஒரு கூடை போட்டால் முன்னால், விட்டால் பின்னால் என்று இழுபறி. நீல அணியின் உயரக்காரி பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தாள். எட்டாம் நம்பர் அவளுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் நேராக மேலே தூக்கினாள். என் வீட்டுக்காரர் கூடைக்கு அடியில் நின்றார். நான் பின்னாலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண்கள் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தை நுழைத்து எடுக்கலாம்.

அப்போதுதான் அவருடைய மூக்கு சுருங்கியதைப் பார்த்தேன். தோள் இரண்டும் காதுவரை ஏறின. இடது முழங்கால் லேசாக மடங்கியது. கண் இறுக மூடிக்கொண்டது. அந்தத் தும்மலை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தும்மலில் எத்தனை நாள் தூக்கம் கலைந்து எழுந்திருக்கிறேன்! வாயில் விசில் இருந்ததால் தும்மல் தும்மலாக வரவில்லை. விசிலாக வந்தது.

அரங்கம் நின்றது. உயரக்காரி திகைத்துப்போய்ப் பந்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். ஒரு நொடி அவர் முகத்தில் எதுவுமே இல்லை. அடுத்த நொடி, அத்தனை வருஷப் பழக்கம், கை தானாக முஷ்டி கட்டி மேலே போனது. ஃபவுல். கணக்கு எழுதுகிற மேசைக்கு ஓடிப்போய்க் காட்டினார்: எட்டாம் நம்பர், கையில் அடித்தாள், யாரும் மறிக்காமல் கூடைக்குப் போட எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

மூடிய கண்ணால் ஃபவுலைப் பார்த்த முதல் நடுவர் என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும்.

"நான் தொடவே இல்ல சார்!" என்றாள் எட்டாம் நம்பர். யாரும் கேட்கவில்லை. தொடாதவளும் அப்படித்தான் சொல்லுவாள், தொட்டவளும் அப்படித்தான் சொல்லுவாள். மேசையில் ஐந்து என்று அட்டையைத் தூக்கினார்கள். நீலக் கேலரி ஆர்ப்பரித்தது. சைரன் கத்திய கத்தலில் அவர் குரலே உடைந்துவிட்டது. அந்தப் பெண் பெஞ்சில் போய் உட்கார்ந்து துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

ஒரு நடுவர் கொடுத்த தீர்ப்பை இன்னொரு நடுவர் ரத்து செய்ய முடியாது. அது விதி. போய்ச் சொல்லலாம், மாற்றுவது அவர் பாடு. போய்ச் சொன்னேன்.

"யாரும் தொடலை பார்ட்னர். தும்மிட்டீங்க."

"ஊதிட்டேன்," என்றார், உதடு அசையாமல். "ஊதினது ஊதினதுதான். போய் உங்க இடத்துல நில்லுங்க."

போய் நின்றேன். ஃபவுல் கொடுக்காத நடுவர்தான் கூடைக்கு அடியில் நின்று, ஃப்ரீ த்ரோ போடுகிறவளிடம் பந்தைக் கொடுக்க வேண்டும். பந்து என் கைக்கு வந்தது. உயரக்காரி கோட்டில் வந்து நின்று கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.

திட்டம் எதுவும் போடவில்லை. கை நீளவில்லை, அவ்வளவுதான். பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றேன். "மேடம், பந்து," என்றாள் அந்தப் பெண், பாவம். "கொஞ்சம் இரும்மா," என்றேன். முதலில் கேலரி கத்தியது. அப்புறம் முணுமுணுத்தது. அப்புறம், என்னமோ நடக்கிறது என்று புரிந்து, மெல்ல அடங்கியது.

என் வீட்டுக்காரர் வந்தார். நடையிலேயே கோபம் தெரிந்தது.

"ஏய்," என்றார். கோட்டுக்குள் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராத 'ஏய்'. "என்ன பண்ற நீ? பந்தைக் குடு."

"நீங்க மாத்துங்க, குடுக்குறேன்."

"அங்க பாரு யார் உக்காந்திருக்காருன்னு."

"பார்த்துட்டுத்தாங்க நிக்கிறேன்."

"என் பொழப்புல மண்ணைப் போடாத. எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல அந்த எட்டாம் நம்பர் இருக்க மாட்டாளே," என்றேன். "அவ இங்கதான் இருக்கா. துண்டைப் போட்டு மூடிக்கிட்டு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே முறைத்தார். அந்த முதல் பேனல், அந்தக் காலர், அத்தனை வருஷம் வெயிலில் தார்த் தரையில் ஓடி ஓடி அவர் முழங்கால் தேய்ந்தது எல்லாம் என் கையில் இருந்த பந்துக்குள் இருப்பதுபோலக் கனத்தது. ஆனாலும் பந்து என் கையில்தான் இருந்தது.

"ஒரே ஒரு கேள்வி," என்றேன். "என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. கை பட்டதை நீங்க பார்த்தீங்களா? பார்த்தேன்னு சொன்னா இப்பவே குடுத்துடுறேன். அப்புறம் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

என் கண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். அவரிடம் ஆயிரம் குறை உண்டு. பிடிவாதம், முன்கோபம், துவைக்கப் போட்ட சட்டைப் பையில் திருகாணி. பொய் மட்டும் வராது. பழக்கத்தில் கை பொய் சொல்லிவிட்டது, வாய்க்கு அது முடியவில்லை.

அதற்குள் தொப்பிக்காரர் கேலரியிலிருந்து இறங்கி மேசைக்கே வந்துவிட்டார். "என்ன பிரச்சினை அங்க?"

என் வீட்டுக்காரர் மேசைக்கு நடந்து போனார். ஓடவில்லை. அரங்கம் முழுக்கக் காது கொடுத்துக் காத்திருந்தது.

"ஃபவுல் இல்லை," என்றார். "தும்மிட்டேன். அந்தப் பொண்ணு கணக்கில இருந்து எடுத்துடுங்க. பந்து நீல அணிக்கு, பக்கக் கோட்டுல இருந்து."

அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதை மட்டும் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. சிரிப்பு முடிந்ததும் நீலக் கேலரி எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டியது. எட்டாம் நம்பர் துண்டை வீசிவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

இது யாராவது கட்டிய கதையாக இருந்தால் அவள் கடைசிக் கூடையைப் போட்டு ஜெயித்திருக்க வேண்டும். தோற்றார்கள். கடைசியில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த பந்தை அவளே தவறவிட்டாள். ஆனால் அவள் விட்டாள். அவளுடைய தப்பு, அவளுடையதாகவே போனது. நான் நின்றது அதற்குத்தான்.

ஆட்டம் முடிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது என் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மேடம், முதல் பாதியில நீங்க எனக்குக் குடுத்தீங்களே ஒரு ஃபவுல், அதுவும் தப்பு," என்றாள்.

"அது ஃபவுல்தான். முழங்கையைப் பிடிச்ச," என்றேன்.

முறைத்துக்கொண்டே போனாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

ஸ்கூட்டரில் அவரோடு திரும்பினேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகு பேசினார்.

"ஒரே ஒரு விசில். அதை நீ விழுங்கியிருக்கலாம்ல?"

"நீங்க ஊதினதை நான் எப்படிங்க விழுங்குறது?"

"இனி எனக்கு வயசில்ல. தெரியும்ல உனக்கு?"

"தெரியும். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா தப்புப் பண்ணதா தோணல."

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சே இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைப்பேன், சாப்பிடுவார், எழுந்து போவார். அவருடைய நடுவர் சட்டையை அலசும்போது ஒருநாள் நன்றாக அழுதேன். ஊருக்காக இல்லை, அந்தக் காலருக்காக.

நடுவில் நாத்தனார் வந்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுப் போனாள். "என்ன அண்ணி இது, வீட்டுக் குப்பையைக் கொண்டுபோய் நாலு பேர் முன்னாடி கொட்டிட்டீங்களே?"

"குப்பை வீட்டுல விழலைம்மா. அங்கதான் விழுந்துச்சு. விழுந்த இடத்துலதானே பெருக்கணும்?"

"உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா," என்று கிளம்பிவிட்டாள். உள்ளறையில் உட்கார்ந்திருந்தவர் இதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அலமாரி முழுக்கக் கோப்பைகள் அடுக்கிய சின்ன அறை. மேசைக்குப் பின்னால் சங்கச் செயலாளர், பக்கத்தில் தொப்பிக்காரர்.

"நடுவரே தப்புன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு எவன் நடுவரை மதிப்பான்?" என்று என்னிடம் ஆரம்பித்தார் செயலாளர். "பந்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறது எந்த ஊர் விதி? மன்னிப்புக் கேட்டா இத்தோட விட்டுடுறோம்."

"கேக்க மாட்டேன் சார்," என்றேன். "விதியை மீறினதுக்குத் தண்டனை குடுங்க, வாங்கிக்கிறேன். தப்புன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

செயலாளர் பெருமூச்சு விட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "நீங்க எவ்வளவு சீனியர். உங்க பேரு இன்னும் எங்க கையிலதான் இருக்கு. ஃபவுல் இருந்துச்சு, பார்ட்னர் கலாட்டா பண்ணதால வேற வழியில்லாம மாத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம்."

நான் தரையைப் பார்த்தேன். ஒரு வாரமாக என்னோடு பேசாத மனுஷன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேனல் கிடைக்கும், அவமானமும் போகும். அவர் சொல்லியிருந்தாலும் நான் அவரை விட்டுப் போயிருக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவரோடு சேர்ந்து ஊதியிருக்க மாட்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"தும்மல்ங்க," என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு வாரமா யோசிச்சேன் சார். தும்மல்தான்."

தண்டனை உடனே வந்தது. முதல் பேனல் கனவு முடிந்தது. இந்தப் பருவம் முழுக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டம் எங்கள் இருவருக்கும் கிடையாது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊதிக்கொள்ளலாம். படியிறங்கும்போது என்னை முந்திப் போனவர், கீழே நின்று, "பார்த்து வாங்க பார்ட்னர், படி உடைஞ்சிருக்கு," என்றார். தெருவில், வெட்டவெளியில், கிடைத்த 'ங்க'.

போன சனிக்கிழமை முதல் ஆட்டம். கூடையின் வலைகூடக் கிழிந்திருந்த பள்ளி முற்றம். சட்டை முழங்கால்வரை தொங்கும் பொடிசுகள். எங்கள் நேரம், ஒரு அணிக்குக் கோச் யார் என்றால் சைரன். அவருடைய பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பெற்றோர் கூட்டத்தில் யாரோ, "தும்மல் பார்ட்டி வந்தாச்சு!" என்றார்கள். என் வீட்டுக்காரர் காதில் விழாததுபோல விசிலைத் துடைத்தார்.

பாதி ஆட்டத்தில் சைரனின் பிள்ளை ஒன்று, கூடைக்குப் பந்து போடப் போன இன்னொரு பிள்ளையை இடித்தது. இவர் ஊதினார். கை நிமிர்ந்து மேலே போனது. சைரன் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து கோட்டுவரை வந்துவிட்டார். எனக்கு இந்த ஆளைத் தெரியும். இனி பத்து நிமிஷம் காது போச்சு என்று நினைத்தேன்.

"சார்!" என்றார் சைரன். "தும்மலா, ஃபவுலா?"

முற்றமே சிரித்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. என் வீட்டுக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃபவுல்," என்றார்.

சைரன் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"சரி," என்றார். போய் உட்கார்ந்துகொண்டார்.

எத்தனை வருஷமாக ஊதுகிறோம். எங்கள் விசிலுக்கு ஒரு கோச் 'சரி' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. என் வீட்டுக்காரரும் கேட்டதில்லை. விரைப்பாக மேசைக்கு ஓடிப்போய் நம்பரைக் காட்டிவிட்டு வந்தார். பந்து என் கையில் இருந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டில் ஒரு பொடிசு கையை நீட்டிக்கொண்டு நின்றது.

கொடுத்தேன்.